குறை காணும் முறை

ஒரு பொருள் பழுதுற்றால் அதனை எறிந்துவிட்டு வேறொன்றை வைப்பது எளிது. அது பழுதுற்றது ஏன் என்று ஆராய்ந்து காண்பது அரிது. முன்னதற்குப் பணம் இருந்தால் போதும். பின்னதற்கோ அறிவும் பொறுமையும் ஒருங்கே வேண்டும். இவ்விரண்டும் உடற்பிணி தீர்க்கும் மருத்துவருக்கு மட்டுமே உரியவை என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பொருந்தாது. கிணற்றில் நீர் இறைக்கும் பம்பு திடீரென நின்றாலும், தறியில் இழை அடிக்கடி அறுந்தாலும், வணிகரின் பேரேட்டில் ஒரு ரூபாய் குறைந்தாலும், அங்கெல்லாம் வேண்டப்படுவது மருத்துவரின் கண்ணே ஆகும். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவருக்கு வகுத்துரைக்கப்பட்ட ஆராய்ச்சி முறை, கரியும் எண்ணெயும் படிந்த கையினராய்ப் பட்டறையில் உழைக்கும் தொழிலாளருக்கும் உரியதே. மோட்டார் வண்டியின் எஞ்சினில் தோன்றும் ஒரு குறையையும், அதனை ஒருவர் கண்டறிந்த வகையையும் கொண்டு இவ்வுண்மையை அறியலாம்.

மோட்டார் வண்டியை ஓட்டுவது பெட்ரோல் என்று பொதுவாகக் கூறுவர். பெட்ரோல் தானே வண்டியை ஓட்டிவிடுவதில்லை. காற்றோடு கலந்து, நெருக்குண்டு, தக்க நொடியில் தீப்பொறி பட்டு எரியும்போதே அது வலிமை பெறுகிறது. இவ்வாறு இயங்கும் நான்கு வீச்சு எஞ்சினை ஜெர்மானியரான நிக்கோலஸ் ஓட்டோ என்பவர் 1876-ஆம் ஆண்டில் செய்து வெற்றி கண்டார். சிலிண்டர் என்னும் உருளைக் குழாயினுள் பிஸ்டன் மேலும் கீழும் இயங்குகிறது. முதல் வீச்சில் அது கீழிறங்கிப் பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுக்கிறது. இரண்டாம் வீச்சில் மேலேறி அக்கலவையை நெருக்குகிறது. நெருக்கம் முடியும் தறுவாயில் தீப்பொறி பாய்கிறது. கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இம்மூன்றாம் வீச்சே வண்டிக்கு வலுத் தருவது. நான்காம் வீச்சில் பிஸ்டன் மீண்டும் மேலேறி, எரிந்த புகையை வெளியேற்றுகிறது.

சிறிய மோட்டார் வண்டிகளிற் பல நான்கு சிலிண்டர்களை உடையவை. அவை நான்கும் ஒரே நொடியில் எரிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்து எரிகின்றன. முதலாவது, மூன்றாவது, நான்காவது, இரண்டாவது என்பது அவற்றுட் பலவற்றில் அமைந்துள்ள வரிசை. நால்வர் தோள்கொடுத்துச் சுமக்கும் பல்லக்கை இங்கு நினைவுகூரலாம். நால்வரும் ஒத்து நடந்தால் உள்ளே இருப்பவருக்கு அசைவே தெரியாது. ஒருவர் தோள் தாழ்ந்தாலும் பல்லக்குக் குலுங்கும். எஞ்சினின் இயல்பும் அத்தகையதே.

இனி, அத்தீப்பொறி பிறக்கும் வகையை அறிதல் வேண்டும். வண்டியில் உள்ள பாட்டரியின் அழுத்தம் 12 வோல்ட்டே. சிலிண்டரின் தலையில் பொருத்தப்பட்ட பிளக்கின் முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியோ ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். கேட்பதற்கு இது சிறிதாகத் தோன்றும். ஆயினும் நெருக்குண்ட கலவையினுள் இவ்விடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்குப் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் வேண்டும். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு ஒரு நல்ல வழி வகுத்தார். பாட்டரியின் மின்சாரம் காயில் என்னும் கம்பிச் சுருளின் வழியே பாய்ந்து அதனைக் காந்தமாக்குகிறது. பாயிண்ட் எனப்படும் சிறு முனைகள் இரண்டு, தொட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை ஓடவிடுகின்றன. விலகும்போது அதனைத் துண்டிக்கின்றன. துண்டித்த அக்கணமே காந்தம் அழிகிறது; அழியும்போது மற்றொரு சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. பாயிண்ட் முனைகள் தீய்ந்துபோகாதவாறு கண்டென்சர் காக்கிறது. எழுந்த மின்சாரத்தை முறைப்படி நான்கு பிளக்குகளுக்கும் பங்கிட்டு அளிப்பது டிஸ்ட்ரிபியூட்டர். எஞ்சின் ஒரு நிமிடத்திற்கு 2000 முறை சுழலுமாயின், அந்நிமிடத்தில் 4000 பொறிகள் பிறத்தல் வேண்டும்; அஃதாவது நொடிக்கு 66 பொறிகளுக்கு மேல். இவற்றுள் ஒன்று தவறினும் எஞ்சின் தடுமாறும்.

இத்தடுமாற்றத்தைப் பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ என்பர். சீராக ஒலிக்கும் எஞ்சின் இடையிடையே தாளம் தப்புவது போன்ற ஓசை எழும். வண்டி குலுங்கும், இழுவை குறையும், எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே வீணாகும். இதற்குப் பொதுக் காரணங்கள் மூன்று. கலவை சரியான அளவில் வாராமை ஒன்று. வந்த கலவை நன்கு நெருக்கப்படாமை மற்றொன்று. தக்க நொடியில் தக்க வலிவோடு பொறி பாயாமை மூன்றாவது. இம்மூன்றன் கீழும் கிளைக் காரணங்கள் பலவாகும்.

குறை எப்போதும் இருக்குமாயின் அதனைக் காண்பது கடினமன்று. எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் கம்பியையும் காப்போடு ஒருமுறை கழற்றிப் பார்ப்பர். நன்றாக உழைக்கும் சிலிண்டரின் கம்பியைக் கழற்றினால் எஞ்சின் மேலும் தள்ளாடும். முன்பே சோர்ந்திருக்கும் சிலிண்டரின் கம்பியைக் கழற்றினால் யாதொரு மாறுதலும் தோன்றாது. குற்றவாளி அகப்பட்டுவிடுவான். ஆனால், தோன்றி மறையும் குறை அத்தகையதன்று. சாலையில் ஓட்டுநரை வாட்டிவிட்டுப் பட்டறை வாயிலை அடைந்ததும் அது ஒளிந்துகொள்ளும். இரவெல்லாம் காய்ச்சலால் துடித்த குழந்தை, வைத்தியர் வீட்டுத் திண்ணையில் சிரித்து விளையாடுவது போன்றது அது. அறிவுக்கு உண்மையான சோதனை அங்கேதான் தொடங்குகிறது.

மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை செய்யப்பட்டுவந்த அம்பாசிடர் வண்டியைப் பெரியோர் பலர் நன்கறிவர். 1970-க்குப் பிந்திய ஆண்டுகளில் நம் நாட்டில் வாடகை வண்டியாக மிகுதியும் ஓடியது அதுவே. நான்கு சிலிண்டர்களும் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய அதன் எஞ்சினை, ஊர்தோறும் இருந்த தொழிலாளர் தம் உள்ளங்கைபோல் அறிந்திருந்தனர். அக்காலத்தில், மேட்டுப்பாளையத்தில் இத்தகைய வண்டி ஒன்றை வாடகைக்கு ஓட்டிவந்த ஒருவர் இருந்தார். பல ஆண்டுகள் பிறர் வண்டியை ஓட்டிப் பின்னர்க் கடன் பெற்று ஒரு பழைய வண்டியைத் தமக்கென வாங்கியவர் அவர். கோயம்புத்தூரில் இருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு, மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக உதகமண்டலம் செல்வது அவரது தொழில். ஏப்ரல், மே ஆகிய இரு மாதங்களே அவருக்கு அறுவடைக் காலம். அவ்விரு மாத வருவாய்தான் ஓராண்டுக் கடன் தவணையைத் தாங்க வேண்டும்.

அவ்வாண்டு கோடை தொடங்கிய நேரத்தில் வண்டி தடுமாறத் தொடங்கியது. கோயம்புத்தூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 35 கிலோமீட்டர்ச் சமவெளிச் சாலையில், ஓடும் எஞ்சின் திடீரென மூச்சை இழந்து மீண்டும் பெறும். உள்ளிருப்போர் திடுக்கிடுவர். “சமவெளியிலேயே இப்படி என்றால் மலையில் என்ன ஆகுமோ?” என்று அஞ்சி, சிலர் மேட்டுப்பாளையத்திலேயே இறங்கி வேறு வண்டி தேடினர். ஓட்டுநர் ஒரு பட்டறைக்குச் சென்றார். அங்கே பிளக்குகளை மாற்றினர். குறை தீரவில்லை. காயிலை மாற்றினர், கண்டென்சரை மாற்றினர், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினர். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் நன்றாக ஓடுவதுபோல் தோன்றும். மறுநாள் பழைய கதையே. இறுதியில், “வால்வு கெட்டிருக்கலாம், எஞ்சினின் தலையைத் திறந்து பார்க்க வேண்டும்” என்றனர். அதற்காகும் செலவையும், வண்டி நிற்கும் நாட்களையும் கணக்கிட்டபோது ஓட்டுநருக்குக் கண் இருண்டது.

இதற்கிடையில் மற்றொரு செயலும் நிகழ்ந்துவிட்டது. அவ்வண்டியில் கிளீனராக இருந்தவன் காரமடையைச் சேர்ந்த ஓர் இளைஞன். தடுமாற்றம் முதன்முதல் தோன்றிய நாளுக்கு முந்திய மாலையில் அவன் வண்டியைக் கழுவியிருந்தான். “எஞ்சின்மேல் நீரை ஊற்றிக் கெடுத்தவன் இவனே” என்று ஓட்டுநர் முடிவு செய்தார். “இல்லை அண்ணா, நான் மேலே துடைக்கத்தான் செய்தேன்” என்று அவன் சொன்ன சொல் செவியேறவில்லை. அவன் வேலையில் இருந்து விலக்கப்பட்டான்.

எஞ்சினைத் திறப்பதற்குமுன் ஒருமுறை பார்க்கலாம் என்று எண்ணிய ஓட்டுநர், கோயம்புத்தூரில் இருந்த ஒரு முதிய மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுசென்றார். அப்பெரியவர் உடனே கருவிகளை எடுக்கவில்லை. ஓட்டுநரை அமரச்செய்து வினவலானார்.

“வண்டி எப்போது தடுமாறுகிறது, தம்பி?”

“சமவெளியில்தான், ஐயா. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போகும்போது திடீரென்று விட்டுவிட்டு இழுக்கிறது.”

“எப்போது தடுமாறுவதில்லை?”

ஓட்டுநர் வியப்போடு நோக்கினார். அதுவரை யாரும் அவரிடம் அவ்வாறு கேட்டதில்லை. சற்றே எண்ணிப் பார்த்து, “கல்லாறு தாண்டி மலையேறும்போது தடுமாறியதே இல்லை, ஐயா. ஆள் நிறைந்திருந்தாலும் யானைபோல் ஏறிவிடுகிறது” என்றார்.

“நிறுத்தி, மெதுவாக ஓடவிடும்போது?”

“அப்போதும் ஒரு குறையும் இல்லை.”

“தடுமாறும்போது இழுவை சிறிது சிறிதாகத் தளர்கிறதா? அல்லது சுவிட்சை அணைத்தாற்போல் சட்டென நின்று வருகிறதா?”

“சட்டென்றுதான், ஐயா. எஞ்சின் முழுவதும் ஒரு கணம் செத்துப் பிழைப்பது போல் இருக்கும்.”

பெரியவர் தலையசைத்தார். இம்மறுமொழிகளில் இருந்து அவர் உய்த்துணர்ந்தவை பல. தேய்ந்த பிளக்கும் வலுவிழந்த காயிலும் சுமை மிகும்போதே தம் குறையைக் காட்டும். ஏனெனில், அப்போதுதான் சிலிண்டரினுள் நெருக்கம் மிகுந்து, பொறி பாய்வது கடினமாகிறது. பெட்ரோல் போதிய அளவு வாராமையும் ஏற்றத்திலேயே வெளிப்படும். இவ்வண்டியோ ஏற்றத்தில் நலமாக இருக்கிறது. ஆகவே, அவை குற்றம் அற்றவை. ஒரு சிலிண்டர் மட்டும் சோர்வதாயின் பிளக்கையோ வால்வையோ ஐயுறலாம். இங்கே எஞ்சின் முழுவதும் ஒருங்கே நின்று மீள்கிறது. ஆகவே, குறை நான்கிற்கும் பொதுவான ஓர் இடத்தில் இருத்தல் வேண்டும். தளர்ந்து தளர்ந்து நிற்பது பெரும்பாலும் பெட்ரோலின் குறை. சட்டென நின்று சட்டென மீள்வது பெரும்பாலும் மின்சாரத்தின் குறை. இங்ஙனம், ஒரு திருகாணியையும் தொடாமலே, ஐயத்திற்குரிய இடங்களிற் பெரும்பகுதியை அவர் விலக்கிவிட்டார்.

எஞ்சியது ஒரு வினாவே. ஏற்றத்திலும் நிற்கும்போதும் இல்லாத ஒன்று, சமவெளி ஓட்டத்தில் மட்டும் எஞ்சினில் நிகழ்வது யாது? அதற்கு விடை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் இருந்தது. சமவெளியில் சீராகச் செல்லும்போது ஆக்சிலேட்டர் சிறிதளவே மிதிக்கப்படும். கார்புரேட்டரில் உள்ள தட்டுக் கதவு சற்றே திறந்திருக்கும். சிலிண்டர்கள் காற்றுக்காக இழுக்கும் இழுப்பு, அப்போது கதவின் விளிம்பருகே உள்ள ஒரு சிறு துளையில் வலிவாக உறைக்கும். அத்துளையில் இருந்து ஒரு மெல்லிய குழாய் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்கிறது. அதன் வழிவரும் இழுப்பு ஒரு சவ்வை இழுக்க, அச்சவ்வு பாயிண்ட் அமைந்துள்ள தட்டைச் சிறிது திருப்புகிறது. அதனால் பொறி சற்று முன்னதாகப் பாய்ந்து பெட்ரோல் சிக்கனமாகிறது. மலையேறும்போது கதவு அகலத் திறப்பதால் இழுப்புக் குறைந்து, தட்டுத் தன் இடத்திற்கு மீள்கிறது. நிற்கும்போதோ கதவு மூடியிருத்தலின், இழுப்பு அத்துளையை எட்டுவதில்லை. எனவே, அத்தட்டுத் திரும்பி நிற்பது சமவெளி ஓட்டத்தில் மட்டுமே. வண்டி தடுமாறுவதும் அப்போது மட்டுமே. இரண்டும் இணைவது தற்செயலாக இருக்க முடியுமா?

பெரியவர் தம் எண்ணத்தை உடனே முடிவாகக் கொள்ளவில்லை. முதலில் ஓட்டுநரின் பக்கத்தில் அமர்ந்து, மேட்டுப்பாளையம் சாலையில் துடியலூரைக் கடந்து சென்று, தடுமாற்றத்தைத் தம் காதாலேயே கேட்டார். பின்னர் வண்டியை நிறுத்தி, அம்மெல்லிய குழாயை டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்து கழற்றி, அதன் வாயை அடைத்தார். வேறொன்றையும் தொடவில்லை. வண்டி மீண்டும் புறப்பட்டது. பெரியநாயக்கன்பாளையம் வரையிலும் சென்று திரும்பியும் ஒருமுறைகூட அது தடுமாறவில்லை.

ஓட்டுநர் மகிழ்ச்சி மிக்கவராய், “குறை தீர்ந்துவிட்டது, ஐயா! இப்படியே விட்டுவிடலாமே” என்றார்.

“தீரவில்லை, தம்பி. அது இருக்கும் தெரு தெரிந்திருக்கிறது; வீடு இன்னும் தெரியவில்லை. இப்படியே ஓட்டினால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்” என்றார் பெரியவர்.

அவர் கருத்தில் இரண்டு ஐயங்கள் இருந்தன. சவ்வு கிழிந்து, அதன் வழியே வேண்டாத காற்றுப் புகுந்து கலவையைக் கெடுக்கலாம். அல்லது, தட்டுத் திரும்பும்போது அதனைச் சார்ந்த ஏதோ ஒன்று பிழைக்கலாம். பட்டறைக்கு மீண்டதும் அவர் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். குழாயை அதனோடு பொருத்தி, மறுமுனையை வாயால் உறிஞ்சி நாவினால் அடைத்துக்கொண்டார். தட்டுத் திரும்பியது, திரும்பிய நிலையிலேயே நின்றது. சவ்வில் கிழிசல் இருந்தால் அது நில்லாமல் மீண்டிருக்கும். ஆகவே, சவ்வு நலமாக உள்ளது என்பது தெளிவாயிற்று.

அடுத்து, பாயிண்ட் முனைகள் நன்கு தொட்டுக்கொண்டிருக்குமாறு எஞ்சினைக் கையால் சுழற்றி நிறுத்தினார். காயிலில் இருந்து பாயிண்டுக்கு வரும் கம்பியைக் கழற்றி, பாட்டரிக்கும் அக்கம்பிக்கும் இடையே ஒரு சிறு விளக்கை இணைத்தார். மின்சாரம் விளக்கின் வழியே சென்று, கம்பியையும் பாயிண்டையும் கடந்து பாட்டரிக்கு மீள்வதால், விளக்கு ஒளிர்ந்தது. இப்போது குழாயை மீண்டும் உறிஞ்சினார். தட்டுத் திரும்பியது, விளக்கு அணைந்தது. பாயிண்ட் முனைகளை உற்று நோக்கினார். அவை விலகவில்லை, தொட்டபடியே இருந்தன. உறிஞ்சியதை விட்டதும் தட்டு மீண்டது; விளக்கும் மீண்டும் ஒளிர்ந்தது. சுற்றி நின்ற பட்டறைப் பிள்ளைகள் மூச்சடக்கி அதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

டிஸ்ட்ரிபியூட்டரினுள் பாயிண்டுக்குச் செல்லும் ஒரு விரற்கடை நீளச் சிறு கம்பியை அவர் மெல்லப் பற்றி இழுத்தார். வெளிப்பார்வைக்கு அதில் யாதொரு பழுதும் இல்லை. ஆனால், இழுத்தபோது ஓரிடத்தில் அதன் மேலுறை ரப்பர்போல் நீண்டது. உறையைக் கீறிப் பார்த்தபோது உள்ளே செம்பு இழைகள் அனைத்தும் அறுந்திருந்தன. தட்டு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அக்கம்பி வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து ஓய்ந்திருந்தது. தட்டுத் தன் இடத்தில் இருக்கும்போது அறுந்த முனைகள் உறைக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், திரும்பும்போது விலகும். வண்டியின் அதிர்ச்சியால் விலகிய முனைகள் சில வேளை மீண்டும் தொடும். இதுவே இடையிடையே தோன்றி மறைந்த அத்தடுமாற்றத்தின் முழு வரலாறு.

பல இழைகள் முறுக்கிய வளையும் தன்மையுடைய புதிய கம்பி ஒன்றைப் பெரியவர் பொருத்தினார். தட்டுத் திரும்பினாலும் இழுபடாதவாறு அதற்குச் சற்றுத் தளர்வு கொடுத்தார். குழாயைப் பழையபடி இணைத்தார். அதன்பின் அவர் செய்த செயல் பட்டறைப் பிள்ளைகளுக்கு விந்தையாக இருந்தது. ஓட்டுநர் கழற்றி வைத்திருந்த பழைய காயிலை எடுத்துவரச் செய்து, புதியதை நீக்கிவிட்டு அதனையே மீண்டும் பொருத்தி வண்டியை ஓட்டிப் பார்த்தார். வண்டி சீராக ஓடியது. பழைய கண்டென்சரையும் அவ்வாறே தனியே பொருத்திப் பார்த்தார். அப்போதும் சீராகவே ஓடியது. “இவை இரண்டும் கெட்டவை அல்ல, தம்பி. வீணாகப் பழி சுமந்தவை. புதியவற்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளும், என்றேனும் உதவும்” என்றார்.

அச்சொல் ஓட்டுநரின் உள்ளத்தில் வேறோரிடத்தைச் சென்று தைத்தது. அவர் சற்றுத் தயங்கி, “வண்டியைக் கழுவும்போது நீர் பட்டு இக்கம்பி கெட்டிருக்குமோ, ஐயா?” என்று வினவினார். பெரியவர் அறுந்த கம்பியை வெயிலில் காட்டினார். பெரும்பாலான இழைகளின் முனைகள் மங்கிக் கறுத்திருந்தன. ஓரிரண்டு மட்டுமே பளபளத்தன. “ஒரே நாளில் அறுந்திருந்தால் எல்லா முனையும் ஒன்றுபோல் இருக்கும். இது இழை இழையாகப் பல மாதம் அறுந்தது. கடைசி இழை அறுந்த நாளில் நீர் தெரிந்துகொண்டீர், அவ்வளவே” என்றார். ஓட்டுநர் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை மேட்டுப்பாளையத்திற்குத் திரும்பும் வழியில், காரமடையில் அந்த இளைஞனின் வீட்டு வாயிலில் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

இந்நிகழ்ச்சியில் கற்கத்தக்கவை பல. குறை எப்போது தோன்றுகிறது என்று கேட்பவர் பலர். எப்போது தோன்றுவதில்லை என்று கேட்பவர் சிலரே. முதல் வினா ஐயங்களைப் பெருக்குகிறது. இரண்டாம் வினா அவற்றைக் குறைக்கிறது. மலையேற்றத்தில் வண்டி நலமாக இருந்தது என்னும் ஒரு செய்தியே, காயில், பிளக், பெட்ரோல் ஆகியவற்றின் மீதிருந்த ஐயத்தை நீக்கியது. அச்செய்தி ஓட்டுநரிடம் முன்பே இருந்தது; கேட்பார்தாம் இல்லை.

ஒரு வேளையில் ஒன்றனை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும் என்பது இரண்டாவது பாடம். பலவற்றை ஒருங்கே மாற்றினால், குறை தீர்ந்தாலும் தீர்த்தது எது என்று தெரியாது. தீராவிடினும் பணம் தீர்ந்துவிடும். குறை மறைந்ததைக் கண்டு மனநிறைவு கொள்ளாமல், அதன் காரணத்தைக் கண்ணாற் காணும் வரையில் ஆராய்தல் வேண்டும் என்பது மூன்றாவது. குழாயை அடைத்ததும் வண்டி சீராக ஓடியது. அங்கேயே நின்றிருந்தால் அறுந்த கம்பி அறுந்தபடியே இருந்திருக்கும். நான்காவது பாடம் இவை எல்லாவற்றினும் சிறந்தது. ஒன்று நிகழ்ந்தபின் மற்றொன்று நிகழ்ந்தால், முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. பொருளின் மீது தவறாகப் பழி சுமத்தினால் இழப்பது பணம்; மனிதர் மீது சுமத்தினால் கெடுவது அவர் வாழ்வு.

இன்றைய மோட்டார் வண்டிகளில் பாயிண்டும் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. பல வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கிற்கும் தனித்தனிக் காயில் உண்டு. பொறி பாய வேண்டிய நொடியைக் கணிப்பொறி முடிவு செய்கிறது. எஞ்சினின் தண்டு சுழலும் வேகத்தை ஓர் உணர்கருவி இடைவிடாது அளக்கிறது. ஒரு சிலிண்டர் எரியத் தவறினால் தண்டின் வேகம் இமைப்பொழுது தளரும். அத்தளர்ச்சியைக் கொண்டு, தவறியது எச்சிலிண்டர் என்று கணிப்பொறி அறிந்து குறித்து வைக்கிறது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாதிரி முதற்கொண்டு எல்லாக் கார்களிலும் இத்தகைய ஏற்பாடு சட்டத்தாலேயே வேண்டப்பட்டது. முதல் சிலிண்டர் தவறினால் ‘பி0301’ என்றும், பல சிலிண்டர்கள் முறையின்றித் தவறினால் ‘பி0300’ என்றும் அக்குறிப்பு அமையும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள தூய்மையாக்கும் கருவியைச் சுட்டுக் கெடுக்கும் அளவுக்குத் தவறுதல் மிகுமாயின், ஓட்டுநரின் கண்முன் ஒரு விளக்கு விட்டுவிட்டு எரிந்து எச்சரிக்கும்.

எனினும், அக்குறிப்பு கூறுவது எச்சிலிண்டர் தவறியது என்பதை மட்டுமே. ஏன் தவறியது என்பதை அன்று. பிளக்கோ, காயிலோ, பெட்ரோலைத் தூவும் கருவியோ, வால்வோ காரணமாகலாம். அறிவுடைய தொழிலாளர் ‘பி0301’ என்னும் குறிப்பைக் கண்டதும் புதிய காயில் வாங்க ஓடுவதில்லை. முதல் சிலிண்டரின் காயிலையும் இரண்டாம் சிலிண்டரின் காயிலையும் இடம்மாற்றி வைத்து ஓட்டிப் பார்க்கின்றனர். குறிப்பு ‘பி0302’ என மாறினால் குறை காயிலோடு சென்றது, குற்றம் காயிலுடையதே. மாறாமல் முதல் சிலிண்டரிலேயே நின்றால் காயில் குற்றம் அற்றது. வேறிடம் தேடல் வேண்டும். கருவி புதிது, முறை பழையதே. சிறு விளக்கையும் தம் வாயையும் கருவியாகக் கொண்ட அம்முதியவர் செய்ததும், கணிப்பொறியைக் கையில் ஏந்திய இன்றைய இளைஞர் செய்வதும் ஒரே ஆராய்ச்சியின் இரு வடிவங்களே.

கருவிகள் ஆண்டுதோறும் மாறும். இன்று புதியன நாளை பழையன ஆகும். பொறுத்துக் கேட்டல், ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல், சான்று கிட்டும் வரையில் யாரையும் எதனையும் பழியாமை ஆகிய மூன்றும் என்றும் மாறா. எந்தத் தொழிலை மேற்கொள்வோரும் இம்மூன்றையும் இளமையிலேயே பழகிக்கொள்வாராயின், அவர் கைபட்ட பொருளும் நலம் பெறும்; அவரை அடுத்து வாழும் மாந்தரும் அச்சமின்றி வாழ்வர்.